வேலையற்ற டாக்டர்களும் டாக்டரற்ற ஊர்களும்

கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயலில், சுரங்க எல்லைக்கு வெளியே தொழிலாளரின் சம்பள நாளை நம்பி வளர்ந்த பேட்டைகள் இரண்டு. ஒன்று ராபர்ட்சன்பேட்டை, மற்றொன்று ஆண்டர்சன்பேட்டை. பெயர்கள் ஆங்கிலேயருடையவை. ஆயினும் தெருவில் ஒலிப்பது பெரும்பாலும் தமிழே. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறையினர் இன்று இங்கு வாழ்கின்றனர். அருகிலுள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்துக்குச் சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. சுரங்கத்துடன் அதன் பெரிய மருத்துவமனையும் மூடப்பட்டது.

நம் நாட்டில் டாக்டர்கள் வேலையின்றி இருப்பதும், வேலை தேடிக் கடல் கடப்பதும், அதே வேளையில் நோயாளிகள் டாக்டரின்றித் தவிப்பதும் அரை நூற்றாண்டாகப் பேசப்பட்டு வரும் செய்திகள். இவை மூன்றும் ஒருங்கே நிகழ்வது எங்ஙனம் என்பதை விளக்க முற்படுவோர் பெரும்பாலும் டாக்டர்களின் மனப்பான்மையைக் குறை கூறுவதோடு நின்றுவிடுகின்றனர். கிராமத்துக்குச் செல்ல அவர்களுக்கு விருப்பமில்லை, பணத்தாசை மிகுந்துவிட்டது என்பது போன்ற விளக்கங்கள் சொல்வதற்கு எளியவை. தங்கவயலின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. ஓர் ஊருக்கு டாக்டரை வரவழைப்பது அவ்வூரின் நோயன்று. அங்கு எவரோ ஒருவர் ஏற்படுத்தி, ஊதியம் கொடுத்து, கருவிகளுடன் நிலைநிறுத்தும் பணியிடமே. பணியிடம் போனால் டாக்டரும் போகிறார். நோய் போவதில்லை.

தங்கம் வரவழைத்த மருத்துவம்

1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனி தங்கவயலில் சுரங்க வேலையை ஏற்றது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் இங்கு வந்தது. இந்தியாவின் பெரிய நகரங்கள் பலவும் அப்போது எண்ணெய் விளக்கில் இருந்தன. மின்சாரம் வந்த காரணமே மருத்துவமனை வந்ததற்கும் காரணம். பாறைச் சரிவிலும் வெடி விபத்திலும் காயமுற்ற தொழிலாளியை மீண்டும் வேலைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கம்பெனிக்கு அது கருணைச் செயலாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உற்பத்திக்கு இன்றியமையாததாக இருந்தது என்பதில் ஐயமில்லை.

தங்கம் படிக்கல் பாறையில் படிந்திருந்தது. துளையிடும்போதும் வெடி வைக்கும்போதும் எழும் படிக்கல் தூசி நுரையீரலுக்குள் சென்று தங்கி, அங்கு தழும்பு நார்களை உண்டாக்குகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய்க்கு இன்றளவும் முழுக் குணம் தரும் மருந்து இல்லை. இந்தியாவில் இந்நோய் முதன்முதலாகப் பதிவானது கோலார் தங்கவயலில், 1934இல். 1940இல் மைசூர் அரசு இதற்கெனத் தனி விதிகளை வகுத்தது. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான தொழிலாளருக்கு எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்தபோது, அவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் நோயின் அறிகுறிகள் தென்பட்டன.

இவ்வாராய்ச்சியின் முடிவுகளை 1947இல் வெளியிட்டவர்களுள் ஒருவர் ஆந்தனி காப்ளன் என்னும் பிரிட்டிஷ் டாக்டர். தங்கவயலில் படிக்கல் தூசியின் கொடுமையைக் கண்ட அவர், பின்னர் தாயகம் திரும்பி வேல்ஸ் பகுதியின் நிலக்கரித் தொழிலாளரைச் சோதித்தார். மூட்டு வாதத்துடன் நுரையீரலில் முடிச்சுகளும் தோன்றும் ஒரு நிலையை 1953இல் விவரித்தார். மருத்துவ மாணவர்கள் இன்றும் அதனைக் காப்ளன் நோய்க்குறித் தொகுதி என்ற பெயரில் படித்து வருகின்றனர். இதை இங்குக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. டாக்டர்களின் இடப்பெயர்ச்சி எப்போதும் ஏழை நாட்டிலிருந்து செல்வ நாட்டை நோக்கியே நிகழ்வது என்று நாம் எண்ணுகிறோம். தங்கவயலில் பணியிடமும், எக்ஸ்ரே கருவியும், ஆராய்வதற்குரிய நோயும், ஊதியமும் இருந்த காலத்தில் பிரிட்டனிலிருந்தே டாக்டர் வந்தார். பாடப் புத்தகத்தில் அவர் பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கு எக்ஸ்ரே படங்களைக் கொடுத்த தொழிலாளரின் பெயர்களை எந்தப் புத்தகமும் ஏற்கவில்லை என்பதும் உண்மையே.

1956இல் மைசூர் மாநில அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் அவை மத்திய அரசின் பொறுப்புக்கு மாறின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் அமைந்தது. உடைமையாளர் மாறிய போதெல்லாம் மருத்துவமனை தொடர்ந்தது. ஏனெனில் டாக்டரின் சம்பளம் சுரங்கக் கணக்கில் எழுதப்பட்டு வந்தது. ஒரு டன் பாறையிலிருந்து கிடைக்கும் தங்கத்தின் அளவு குறைந்துகொண்டே வந்ததும், ஆழம் கூடக் கூடச் செலவு ஏறியதும், இறுதியில் நிறுவனம் நலிவுற்றதும் தனிக் கதை. தொழிலாளியின் மார்பைச் சோதிக்கும் டாக்டரின் பணியிடம், சுரங்கத்தின் வரவு செலவோடு கட்டப்பட்டிருந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. 2001இல் அந்தக் கணக்குப் புத்தகம் மூடப்பட்டபோது பணியிடமும் மறைந்தது.

சிலிக்கோசிஸ் அவ்வாறு மறைவதில்லை. தூசியை விட்டு விலகிய பின்னரும் அது முற்றக்கூடும். சில வேளைகளில் வேலையை விட்டுப் பல ஆண்டுகள் சென்ற பிறகே வெளிப்படும். காசநோய் தொற்றும் அபாயத்தையும் அது மிகுவிக்கிறது. 1980இல் இருபது வயதில் சுரங்கத்தில் இறங்கியவர், சுரங்கம் மூடப்பட்டபோது நாற்பத்தொரு வயதினர். இன்று அவர் அறுபதைத் தாண்டியவர். மூச்சிரைப்பு மிகும் வயது அது. சிலிக்கோசிஸ் நோயைக் காசநோயெனவே கருதி, மீண்டும் மீண்டும் அதற்குரிய மருந்தைக் கொடுப்பது நாடெங்கும் நிகழும் தவறு. தொழிலாளியிடம் அவர் எந்தச் சுரங்கத்தில் எத்தனை ஆண்டு இருந்தார் என்று கேட்டு, எக்ஸ்ரே படத்தையும் பயிற்சியுற்ற கண்ணால் பார்க்கும் டாக்டர் ஒருவர் இருந்தால்தான் அது தவிர்க்கப்படும். சுரங்கம் வேலை செய்த நாளில் அத்தகையவர் உள்ளூரிலேயே இருந்தார். நோய் முதிரும் நாளில் இல்லை.

தேவை வேறு, பணியிடம் வேறு

டாக்டர் ஒருவர் வேலையின்றி இருக்க முடியுமா என்று வியப்போர் உளர். நோயில்லாத ஊர் ஏது என்பது அவர்களின் வாதம். இங்கு இரு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். ஒரு வட்டாரத்தில் நூறு பேருக்கு மூச்சிரைப்பு இருப்பது தேவை. அந்நூறு பேரைக் கவனிக்கும் டாக்டருக்கு மாதந்தோறும் ஊதியம் கொடுக்க அரசோ, தொழில் நிறுவனமோ, நோயாளிகளோ முன்வரும்போது மட்டுமே அது பொருளாதார நூலார் கூறும் கிராக்கி ஆகிறது. தேவை மிகுந்தும் கிராக்கி குறைந்தும் இருப்பதே ஏழ்மையின் இலக்கணம். வளரும் நாடுகளில் டாக்டர்களின் வேலையில்லாத் திண்டாட்டம் இவ்விடைவெளியில்தான் பிறக்கிறது.

1946இல் அறிக்கை தந்த போர் குழு, பிரிட்டிஷ் இந்தியாவில் ஏறத்தாழ 6300 மக்களுக்கு ஒரு டாக்டர் வீதமே இருந்ததாகக் கணக்கிட்டது. பதிவு செய்த சுமார் 47,500 டாக்டர்களில் முப்பதாயிரம் அளவினர் பட்டம் பெறாத, நான்காண்டுப் படிப்பு முடித்த எல்.எம்.பி. டாக்டர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் நகரங்களிலேயே இருந்தனர். நாட்டுக்கு ஒரே தரமான டாக்டர்தான் வேண்டும் என்று கருதிய குழு, எல்.எம்.பி. படிப்பைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. குழுவிலேயே சிலர் இதற்கு உடன்படவில்லை. தரத்தைக் காக்க விழைந்த பெரும்பான்மையினரின் நோக்கம் உயர்ந்ததே. ஆனால் சிற்றூருக்கு ஏற்ற டாக்டரை உருவாக்கும் வழி அதனால் அடைபட்டது. ஐந்தரை ஆண்டு படித்த பட்டதாரிக்குரிய பணியிடங்களைச் சிற்றூர்களில் ஏற்படுத்தும் நிதியோ ஒதுக்கப்படவில்லை.

கல்லூரிகள் மட்டும் பெருகின. டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான குழு 1961இல் அறிக்கை அளித்தபோது, புதிய மையங்களைத் திறக்கும் முன் இருக்கும் மையங்களை வலுப்படுத்துக என்று வற்புறுத்தியது. அவ்வறிவுரை பெரிதும் ஏட்டளவில் நின்றது. 1970களின் இறுதியில் மருத்துவக் கல்லூரிகளின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. அதே பத்தாண்டில் வேலைவாய்ப்பு அலுவலகங்களின் பதிவேடுகளில் மருத்துவப் பட்டதாரிகள் ஆயிரக்கணக்கில் காத்திருந்தனர்.

அன்றைய நிலை இன்று முற்றிலும் மாறிவிட்டதாகக் கூற இயலாது. 2014இல் 387ஆக இருந்த மருத்துவக் கல்லூரிகள் 2024-25இல் 780 ஆயின. எம்.பி.பி.எஸ். இடங்கள் 51,000 அளவிலிருந்து 1,18,000ஐ எட்டின. 2024 நடுப்பகுதியில் பதிவு பெற்ற அலோபதி டாக்டர்கள் 13,86,000 அளவினர். ஆயிரம் மக்களுக்கு ஒரு டாக்டர் என்ற அளவை இந்தியா எட்டிவிட்டதாக அரசு அறிவிக்கிறது. ஆயுர்வேதம், சித்தா முதலிய முறைகளின் மருத்துவர்களையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு அது. ஆனால் தமிழ்நாட்டில் 2553 உதவி மருத்துவர் பணியிடங்களுக்காக 2025 ஜனவரியில் நடந்த தேர்வுக்கு விண்ணப்பித்தோர் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அதே நாட்டில், ஊரகச் சமுதாய நல மையங்களுக்கு வேண்டிய அறுவை, மகப்பேறு, குழந்தை நல, பொது மருத்துவ நிபுணர்களில் நூற்றுக்கு எண்பது அளவில் பற்றாக்குறை என்று மத்திய அரசின் 2021-22ஆம் ஆண்டுப் புள்ளிவிவரமே கூறுகிறது.

இன்னொரு வகை வேலையின்மை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பட்ட மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வை ஆண்டுதோறும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட டாக்டர்கள் எழுத முன்வருகின்றனர். இடம் கிடைக்காதோர் ஓராண்டு, ஈராண்டு, சிலர் அதற்கும் மேலாக, நோயாளியைத் தொடாமல் அறைக்குள் அமர்ந்து வினா விடைகளை மனப்பாடம் செய்கின்றனர். உழவில் மிகையான கைகள் முடங்கிக் கிடப்பதை மறைமுக வேலையின்மை என்று நம் திட்ட ஆவணங்கள் அழைத்து வந்துள்ளன. இருபத்தைந்து வயது டாக்டர் பயிற்சி வகுப்பில் முடங்குவதும் அதன் வேறொரு வடிவமே.

கடல் கடந்தோர்

வேலை கிடைக்காத பட்டதாரிக்கு அயல்நாட்டுக் கதவு திறந்திருந்ததற்குக் காரணம், அவர் பெற்ற கல்வியே அந்நாட்டு அளவுக்கு வெட்டித் தைக்கப்பட்டிருந்தமைதான். இந்திய மருத்துவப் பட்டங்களைப் பிரிட்டிஷ் பொது மருத்துவ மன்றம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதைக் குறியாகக் கொண்டே நம் பாடத்திட்டங்கள் நெடுங்காலம் வகுக்கப்பட்டன. 1948இல் பிரிட்டனில் தேசிய சுகாதாரப் பணி தொடங்கியபோது, அந்நாட்டுப் பட்டதாரிகள் விரும்பாத தொழில் நகரங்களையும், முதியோர் மருத்துவம், மனநோய் மருத்துவம் போன்ற துறைகளையும் நிரப்பியவர்களில் இந்தியரும் பாகிஸ்தானியரும் இலங்கையரும் பெரும் பங்கினர். வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் இந்திய டாக்டர் இல்லாத ஊர் அரிதாகிவிட்டது. நம் சுரங்க ஊர்களுக்குச் செல்லாதவர் அவர்களின் சுரங்க ஊர்களுக்குச் சென்றார். அங்குப் பணியிடம் இருந்தது.

1965இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, நாட்டு வாரியான பழைய ஒதுக்கீட்டை நீக்கியது. அதன் பின் பெருக்கு அத்திசைக்குத் திரும்பியது. உலக சுகாதார நிறுவனம் 1979இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1970களின் தொடக்கத்தில் தாய்நாட்டுக்கு வெளியே பணியாற்றிய டாக்டர்கள் உலகெங்கும் சுமார் 1,40,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 15,000 பேர் இந்தியர். அன்றைய உலகில் மிகுதியான டாக்டர்களை வழங்கிய நாடு இந்தியாவே. 2005இல் வெளியான மற்றோர் ஆய்வு, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நான்கு நாடுகளில் மட்டும் இந்தியாவில் பயின்ற டாக்டர்கள் அறுபதினாயிரம் அளவினர் என்று கணக்கிட்டது. பிரிட்டனின் டாக்டர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இந்தியாவில் படித்தவர்.

யார் செல்கின்றனர் என்பதும் கருதத்தக்கது. புது தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் 1989 முதல் 2000 வரையிலான பட்டதாரிகளை ஆராய்ந்து 2008இல் வெளியான கட்டுரை, அவர்களில் 54 சதவீதத்தினர் அயல்நாட்டில் இருந்ததைக் கண்டது. பொதுப் பணத்தில் மிகச் சிறந்த பயிற்சி பெற்றோரே மிகுதியாக வெளியேறியோர். இதில் நன்றியின்மையை மட்டும் காண்பது போதாது. நுண்ணிய இதய அறுவையில் தேர்ந்தவருக்கு அவர் கைத்திறன் துருப்பிடிக்காமல் இருக்கக் கூடமும் குழுவும் தேவை. அவை நம் நாட்டில் ஒரு சில நகரங்களின் ஒரு சில மருத்துவமனைகளில் மட்டுமே இருந்தன.

பெறும் நாடுகள் தம் வசதிக்கேற்பக் கதவைத் திறந்தும் மூடியும் வந்துள்ளன. 1975இல் பிரிட்டன் இந்தியப் பட்டங்களுக்கு அளித்து வந்த முழு அங்கீகாரத்தை நிறுத்தித் தகுதித் தேர்வை ஏற்படுத்தியது. 1976இல் அமெரிக்கா, தன் நாட்டில் டாக்டர் பற்றாக்குறை இனி இல்லை என்று அறிவித்து வரவைக் கட்டுப்படுத்தியது. பின்னர் இரு நாடுகளும் மீண்டும் தளர்த்தின. 2024, 2025 ஆண்டுகளில் பிரிட்டனின் தகுதித் தேர்வில் வெற்றி பெற்றும், அங்குப் பணியிடம் கிட்டாமல் மாதக்கணக்கில் காத்திருந்த இந்திய டாக்டர்கள் பலர். ஊரில் தொடங்கிய வேலையின்மை கப்பலேறி அவர்களுடனேயே சென்ற நிலை இது.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியை அடுத்து இலங்கையிலிருந்து நூற்றுக்கணக்கான டாக்டர்கள் வெளியேறினர். பிலிப்பைன்ஸ் நாட்டில் 2000ஆம் ஆண்டுக்குப் பின் ஆயிரக்கணக்கான டாக்டர்கள், அமெரிக்காவுக்குச் செல்லும் பொருட்டு மீண்டும் மாணவராகிச் செவிலியர் படிப்பு படித்தனர். டாக்டராக உள்ளூரில் கிடைக்காத வாழ்வு, செவிலியராக வெளியூரில் கிடைத்தது என்பதன்றி இதற்கு வேறு பொருளில்லை.

தடைகள் தந்த பயன்

வெளியேற்றத்தைத் தடுக்க நம் அரசுகள் செய்த முயற்சிகளில் பல, வாயிலில் காவல் வைப்பதாகவே அமைந்தன. அமெரிக்கா செல்வதற்கு வேண்டிய தகுதித் தேர்வை இந்திய மண்ணில் நடத்தப் பல ஆண்டுகள் இடம் தரப்படவில்லை. விளைவு, தேர்வு எழுதுவோர் கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் பயணம் செய்தனர். வழிச் செலவு கூடியது, வெளியேற்றம் குறையவில்லை. வெளியேறிய வல்லுநரின் வருமானத்தின் மீது ஒரு சிறு வரி விதித்து, அத்தொகையை வளரும் நாடுகளின் முன்னேற்றத்துக்குச் செலவிடலாம் என்று பொருளாதார அறிஞர் ஜகதீஷ் பகவதி 1970களில் முன்வைத்த யோசனை பெரிதும் விவாதிக்கப்பட்டது, எங்கும் சட்டமாகவில்லை. 2010இல் உலக சுகாதார நிறுவனம், ஏழை நாடுகளின் மருத்துவப் பணியாளரைக் கவர்ந்திழுப்பதில் செல்வ நாடுகள் பின்பற்ற வேண்டிய நெறிமுறைகளை ஏற்றது. அவை விரும்பினால் பின்பற்றலாம் என்ற வகையைச் சேர்ந்தவை.

கட்டாயச் சேவையின் கதை கர்நாடகத்திலேயே உண்டு. மருத்துவப் படிப்பு முடித்தோர் ஓராண்டு அரசு மருத்துவ நிலையங்களில் பணியாற்ற வேண்டும் என்று 2012இல் மாநிலம் சட்டம் இயற்றியது. வழக்குகளைக் கடந்து அது நடைமுறைக்கு வர ஆண்டுகள் பிடித்தன. 2023இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. படித்து வெளிவரும் டாக்டர்களின் எண்ணிக்கை, அரசிடமிருந்த காலிப் பணியிடங்களைவிட மிகுந்துவிட்டமையால், காலியிடங்களுக்கு வேண்டிய அளவினரை மட்டும் பணியமர்த்தினால் போதும் என்பது திருத்தத்தின் சாரம். அதிகாரிகள் இத்திருத்தத்தை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். டாக்டர் வர மறுக்கிறார் என்று கூறி இயற்றிய சட்டம், வரச் சம்மதித்தாலும் அமர்த்த நாற்காலி இல்லை என்று கூறித் திருத்தப்பட்டது. ஊரகத்தில் நிபுணர் இடங்கள் நிரம்பாமல் இருந்த அதே ஆண்டுகளில் இது நிகழ்ந்தது. புதிய பட்டதாரிக்கு அளிக்கத்தக்க இடங்கள் வேறு. ஊருக்கு உண்மையில் வேண்டியிருந்த இடங்கள் வேறு.

பயன் தந்த ஏற்பாடுகளும் இல்லாமலில்லை. தமிழ்நாடு, ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றும் அரசு டாக்டர்களுக்குப் பட்ட மேற்படிப்பு இடங்களில் பாதியை ஒதுக்கி வந்தது. சிற்றூரில் சில ஆண்டுகள் உழைத்தால் நிபுணராகலாம். நிபுணரான பின் அரசுப் பணியில் தொடர வேண்டும். மாவட்ட, வட்ட மருத்துவமனைகளுக்கு மகப்பேறு நிபுணரும் மயக்க மருந்து நிபுணரும் கிடைத்ததில் இவ்வேற்பாட்டுக்குப் பெரும் பங்குண்டு. அகில இந்திய விதிமுறைகளால் இது இடையில் தடைப்பட்டபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2020 ஆகஸ்டில் அரசியல் சாசன அமர்வு மாநிலங்களின் உரிமையை உறுதி செய்தது.

தங்கவயலுக்கு அண்மையிலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வேறொரு வழியைக் கையாண்டது. மாணவர் சேர்க்கையின்போதே தொலைவிலுள்ள மிஷன் மருத்துவமனைகளின் பரிந்துரை பெற்றோருக்கு இடமளித்து, படிப்பு முடிந்தபின் இரண்டாண்டு அங்குப் பணியாற்றும் கடமையை விதித்தது. அக்கல்லூரியிலிருந்தும் அயல்நாடு சென்றோர் பலர் உண்டு. எனினும் சிறு மருத்துவமனைகளில் தங்கியோரும் கணிசமானவர். இவ்விரு ஏற்பாடுகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. டாக்டரிடம் தியாகம் மட்டும் கேட்கப்படவில்லை. சிற்றூர்ப் பணி அவருடைய முன்னேற்றப் படிகளுள் ஒன்றாக்கப்பட்டது.

இறுதியில் எல்லாம் நிதியிடம் வந்து நிற்கின்றன. மத்திய, மாநில அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிடும் தொகை நெடுங்காலம் நாட்டு மொத்த உற்பத்தியில் ஒரு சதவீத அளவிலேயே இருந்தது. 2025க்குள் அதனை 2.5 சதவீதமாக்குவது 2017ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரக் கொள்கையின் குறிக்கோள். 2021-22இல் அது 1.84 சதவீதத்தை எட்டியது. நோயாளிகள் தம் கையிலிருந்து நேரே கொடுக்கும் பங்கு 2013-14இல் 64 சதவீதமாக இருந்து 39 சதவீதமாகக் குறைந்துள்ளது. முன்னேற்றமே, மறுப்பதற்கில்லை. ஆனால் மருத்துவக் கல்லூரி இடங்கள் இரு மடங்கான வேகத்தில் பணியிடங்கள் பெருகவில்லை.

மீண்டும் தங்கவயலில்

ராபர்ட்சன்பேட்டையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. கோலார் அருகே தமகாவில் 1986இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஒன்றும், ஆந்திர எல்லையைக் கடந்தால் குப்பத்தில் மற்றொன்றும் உள்ளன. இரண்டும் தங்கவயலிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய ஒரு மணிப் பயணத் தூரத்தில் உள்ளவை. ஆண்டுதோறும் அவற்றிலிருந்து புதிய டாக்டர்கள் வெளிவருகின்றனர். ஆண்டர்சன்பேட்டையின் முன்னாள் சுரங்கத் தொழிலாளியோ, மார்பு நிபுணரைக் காண வேண்டுமாயின் வெளியூருக்குத்தான் புறப்படுகிறார். மாரிகுப்பம் நிலையத்திலிருந்து விடியலுக்கு முன்பே பெங்களூருக்குப் புறப்படும் ரயில்கள், நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு அன்றாடம் வேலைக்குச் சென்று திரும்பும் ஆயிரக்கணக்கானோரைச் சுமந்து செல்கின்றன. சுரங்கத்தை இழந்த ஊரின் வேலைவாய்ப்பு அந்த ரயிலில் இருக்கிறது. மருத்துவமும் அதில்தான் இருக்கிறது.

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, இருபது ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த சுரங்க மருத்துவமனையைத் தொண்டர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு துப்புரவு செய்து, கட்டில்களைத் துடைத்து, மீண்டும் திறந்தனர். ஒட்டடை படிந்த வார்டுகள் சில வாரங்களில் நோயாளிகளை ஏற்கத் தகுதியாயின. கட்டிடம் உறுதியாகவே இருந்தது. துடைத்து எடுத்து வைக்க முடியாதது டாக்டரின் பணியிடம் ஒன்றே.

அக்கேள்வி விரைவில் மீண்டும் எழக்கூடும். 120 ஆண்டுகளில் அரைத்துச் சயனைடு கரைசலில் கழுவிக் கொட்டிய மண், தங்கவயலில் பதின்மூன்று மேடுகளாகக் குவிந்து நிற்கிறது. ஊரார் அவற்றைச் சயனைடு மலை என்பர். காற்றுக் காலத்தில் அம்மேடுகளின் மென்துகள் வீட்டுக்குள்ளும் சோற்றுத் தட்டிலும் படிவது இங்கு எவருக்கும் புதிதன்று. எஞ்சியுள்ள தங்கத்தை இம்மேடுகளிலிருந்து பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தந்தது. சுமார் ஆயிரம் ஏக்கர் பரப்பில் மேடுகள் தோண்டப்படும். ஊருக்கு வேலை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானது. அத்துடன் தூசியும் கிளம்பும்.

ராஜஸ்தான் அரசு 2019இல் தூசி நுரையீரல் நோய்களுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. கல் உடைப்போரையும் சுரங்கத் தொழிலாளரையும் பதிவு செய்து, சோதித்து, சான்றளித்து, உதவித் தொகை வழங்க அதில் வழி செய்யப்பட்டது. சான்றளிக்கும் குழுக்களில் அமர மார்பு நிபுணரும் எக்ஸ்ரே நிபுணரும் தேவைப்பட்டனர். ஆகவே அப்பணிகளுக்கு ஆள் தேட வேண்டியதாயிற்று. தங்கவயலிலும் மேடுகளைத் தோண்டும் ஒப்பந்தம் எழுதப்படும் நாளில், எத்தனை டன் மண், எத்தனை கிராம் தங்கம், எத்தனை ஆண்டுக் குத்தகை என்பன குறிக்கப்படும். அதே தாளில் ஒரு மார்பு நிபுணர், ஒரு எக்ஸ்ரே கருவி, அதனை இயக்கும் பணியாளர், தோண்டும் வேலை முடிந்த பின்னரும் இருபது ஆண்டுகளுக்கு அவர்களுக்கான ஊதியம் என்ற வரியும் இடம்பெறுமா என்பதை ஆண்டர்சன்பேட்டை மக்கள் கேட்டறிய வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே கேட்க வேண்டும்.